அத்திம்பேர் ஏறிய மதுரை வண்டி

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது திருச்சிராப்பள்ளியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலை இல்லை. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அக்காவின் குடித்தனம் இருந்தது. அக்காவின் கணவர், அதாவது என் அத்திம்பேர், திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் ஸயன்ஸ் உபாத்தியாயர். அவருடைய தங்கையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண். அண்ணன்தான் ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும். இந்த மூன்று பேரோடு நான் நாலாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு.

நானும் அத்திம்பேரும் தினமும் ரயிலில்தான் திருச்சிக்குப் போய் வந்தோம். போய் வந்தோம் என்றால், ஸ்டேஷனுக்குப் போய், வண்டி வந்து நின்றதும் ஏறி, இடம் பார்த்து உட்கார்ந்து போனதாக நினைப்பீர்கள். அப்படிப் போகிறவர்களும் இருந்தார்கள்: பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், வெளியூரிலிருந்து பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள். அத்திம்பேர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. வண்டி வந்து நிற்கும். அவர் பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் நிற்பார். கார்டு பச்சைக் கொடியை ஆட்டுவார், அப்போதும் நிற்பார். எஞ்சின் கூவும், மூக்குப்பொடி மட்டையைத் திறந்து ஒரு சிமிட்டா எடுத்து இழுத்துக்கொள்வார். வண்டி நகர்ந்து நாலு பெட்டி தாண்டிய பிறகுதான் அவருக்குத் தாம் திருச்சிக்குப் போகவேண்டும் என்பது ஞாபகம் வரும். குடையை இடது முழங்கையில் மாட்டிக்கொள்வார். பஞ்சகச்சத்தின் கொசுவத்தை ஒரு தரம் தட்டிவிட்டுக்கொள்வார். வண்டியின் பக்கமாகவே பத்தடி ஓடி, வலது கையால் கம்பியைப் பிடித்து, படியில் கால் வைத்து உள்ளே வந்து நிற்பார். தலைப்பாகை இம்மி நகர்ந்திருக்காது.

முதல் நாள் விவரம் தெரியாமல் நான் முன்னாடியே ஏறி அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"நின்னுண்டிருக்கிற வண்டியில ஏறறதுக்கு நீ எதுக்குடா பி.ஏ. படிச்சே? மாட்டு வண்டி போறுமே!" என்றார்.

ஏறுவதில் இருந்த வீரத்தைவிட இறங்குவதில் இருந்த வீரம் இன்னும் பெரிது. சாயங்கால வண்டி காவேரிப் பாலத்தைத் தாண்டியதும் வேகம் குறையும். ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு லெவல் கிராஸிங். அங்கே குதித்துவிட்டால் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் அரை மைல் மிச்சம். அத்திம்பேர் தினமும் அங்கேதான் இறங்குவார். வண்டி போகும் திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, இறங்கின பிறகும் நாலடி ஓடவேண்டும் என்பது சாஸ்திரம். "வண்டிக்கு உள்ள வேகம் நமக்கும் இருக்கு. அதுக்கு இனர்ஷியான்னு பேர். அதைத் திடீர்னு நிறுத்தினா மூக்கு உடையும். மெதுவா செலவழிச்சா ஒண்ணும் ஆகாது" என்று எனக்கு விளக்குவார். இப்படி மிச்சம் பிடித்த பத்து நிமிஷத்தை அவர் என்ன செய்தார் என்றால், வீட்டுக்கு வந்து ஈஸிசேரில் சாய்ந்து, அன்றைக்கு எப்படி இறங்கினார் என்பதை அக்காவுக்குச் சொல்லுவார். அக்கா காபி பில்டரைத் தட்டிக்கொண்டே, "டிகாக்ஷன் இறங்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும்" என்பாள். அவள் எப்போதும் வண்டி நிற்கிற நேரத்தைக் கணக்காக வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அத்திம்பேர் தனி ஆள் இல்லை. அவரைப்போலவே ஓடி ஏறுகிற உத்தியோகஸ்தர்கள் அரை டஜன் பேர் இருந்தார்கள். கோர்ட்டு குமாஸ்தா ஒருவர், புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒருவர், இன்னும் சிலர். எல்லோரும் ஒரே பெட்டிக்குத்தான் ஓடுவார்கள். ஒருவருக்கு வேஷ்டி கிழியும்; ஒருவருடைய டிபன் டப்பா திறந்து தயிர்சாதம் தண்டவாளத்துக்கு நிவேதனமாகும். ஒற்றைச் செருப்பு விழாத வாரமே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் அவற்றை எல்லாம் தம் அறையின் மூலையில் சேர்த்துவைத்திருந்தார். கம்பவுண்டர் ஒருநாள் படியில் முகம் மோதி முன்பல் ஒன்றை இழந்தார். காலையில் பூனை குறுக்கே போனது என்றும், அதை அலட்சியம் செய்து புறப்பட்டது தம் தப்பு என்றும் அவரே சொன்னார். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பூனை விஷயத்தில் இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று தீர்மானமாயிற்று.

ஸ்டேஷன் மாஸ்டர் மன்றாடிப் பார்த்தார். பிறகு ஓடும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் குற்றம் என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். அத்திம்பேர் அதை நின்று நிதானமாகப் படித்தார். "'ஏற கூடாது'ன்னு போட்டிருக்கேளே, நடுவிலே ஒரு 'க்' வரவேண்டாமோ?" என்று குடை நுனியால் இடத்தைக் காட்டினார். மாஸ்டர் அந்த இடத்தைப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்தது. அத்திம்பேர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. மூன்று மாதத்தில் நானும் வேப்பமரத்தடியில் நிற்க ஆரம்பித்தேன். முதல் தடவை ஓடி ஏறியதும் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கோர்ட்டு குமாஸ்தா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்து, "பலே!" என்றார். ஆபீஸில் மானேஜர் திட்டினதை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் அத்திம்பேரின் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம். பையன் தாலுக்கா ஆபீஸில் இருந்தான். பையனின் தகப்பனார் ரயிலில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். எல்லாம் கடிதப் போக்குவரத்துதான்; நாங்கள் அவர்களையோ, அவர்கள் எங்களையோ பார்த்தது கிடையாது. திருவானைக்காவலில் அவர்களுக்கு உறவினர் வீடு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை திருச்சி ஜங்ஷனில் வண்டி மாறி ஸ்ரீரங்கம் வந்து, ஆறு மணிக்கு மேல் பெண்ணைப் பார்த்துவிட்டு, ராத்திரி அங்கே தங்குவதாக எழுதியிருந்தார்கள்.

அன்று காலை அக்கா வாசல்வரை வந்தாள். "இன்னிக்கு ஒருநாளாவது முன்னாடியே போய் வண்டியிலே உக்காந்துக்கோங்கோ. வரவாளை 'வாங்கோ'ன்னு சொல்ல ஆத்துலே ஆம்பளைன்னு ஒருத்தர் இருக்கணும்" என்றாள்.

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் அத்திம்பேர்.

சொன்னபடியே அவர் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் புறப்பட்டார். நானும் அரை நாள் லீவு போட்டிருந்தேன். பழம், வெற்றிலை, பூ எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டு, நான் அதைத் தூக்கிக்கொண்டேன். ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. ஸ்ரீரங்கம் வண்டி வழக்கமாக வருகிற பிளாட்பாரத்தில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

"ஏறி உக்காந்துடலாமே, அத்திம்பேர்" என்றேன்.

"இருபத்தஞ்சு நிமிஷம் பெட்டியிலே உக்காந்து வேர்க்கணுமா? வா, காபி சாப்பிடலாம்."

காபி ஸ்டாலில் நின்று சாப்பிட்டோம். சம்பந்தி வீட்டாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிடையரான கார்டு என்றால் காலை முதல் ராத்திரிவரை கொடி ஆட்டினவர். அவரிடம் ஸயன்ஸ் பேசிப் பயமுறுத்தக் கூடாது, சாதாரணமாகப் பேசவேண்டும் என்றார். அதற்கிடையில் ஒரு போர்ட்டர், "ஸ்ரீரங்கம், லால்குடி போறவங்க எதிர் பிளாட்பாரம்!" என்று கத்திக்கொண்டு போனானாம். அப்படிக் கத்தியதைப் பிற்பாடு பலபேர் சொன்னார்கள். எங்கள் காதில் விழவில்லை.

விஸில் ஊதியது. அத்திம்பேர் டம்ளரை வைத்துவிட்டுப் பொடி மட்டையைத் திறந்தார். வண்டி நகர்ந்தது. நாலு பெட்டி போயிற்று.

"வாடா!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நான் பையோடு பின்னால் ஓடினேன். அவர் ஏறிவிட்டார். எனக்குக் கம்பி எட்டவில்லை. அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். பை சாய்ந்து பாதிப் பழம் பிளாட்பாரத்தில் உருண்டது. எதிர்ப் பக்கம் நின்றுகொண்டிருந்த வண்டியின் ஜன்னல்களிலிருந்து பல முகங்கள் எங்களையே பார்ப்பது தெரிந்தது. அந்த வண்டிதான் ஸ்ரீரங்கம் போகிற வண்டி. அது இன்னும் பத்து நிமிஷம் அங்கேயே நின்றது. ஆனால் நிற்கிற வண்டி அத்திம்பேர் கண்ணில் படுகிற வழக்கமே இல்லையே!

மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது.

"அத்திம்பேர், வண்டி எதிர்ப்பக்கமா போறதே? நம்ம வண்டி பொன்மலைப் பக்கமா போகணுமோல்லியோ?"

"ஷண்டிங் பண்றான். பின்னாடி போய் லைன் மாத்திண்டு வருவான்" என்றார் சற்றும் கலங்காமல்.

வண்டி நல்ல வேகம் பிடித்தது. ஊரின் கடைசி வீடுகளும் போய்விட்டன. செம்மண் காட்டில் சோளக்கொல்லை வந்தது. எதிரில் ஒரு ஜவுளி வியாபாரி உட்கார்ந்திருந்தார். மடியில் பித்தளைக் கூஜா. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாமி எது வரைக்கும் போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஸ்ரீரங்கம்."

"இது மதுரை வண்டிங்களே. இனிமே திண்டுக்கல்லுலதான் நிக்கும்."

அத்திம்பேர் கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். மூடினார். மறுபடியும் பார்த்தார். நான் அபாயச் சங்கிலியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். சங்கிலியை இழுத்தால் கார்டு வருவான், காரணம் கேட்பான், பெட்டி முழுக்கச் சிரிக்கும். மானம் போகக் கூடாது. உயிரைப்பற்றி அப்போது இருவருமே யோசிக்கவில்லை.

மணப்பாறை ஸ்டேஷன் ஜன்னல் வழியே ஒரு வெள்ளைக் கோடாகப் போயிற்று. அதன் பிறகு ஒரு பத்து மைல் இருக்கும். பொழுது சாய்கிற நேரம். வண்டியின் வேகம் குறைய ஆரம்பித்தது. அத்திம்பேர் எழுந்து கதவண்டை போனார்.

"வையம்பட்டி வரதுன்னு நினைக்கிறேன். ஸிக்னல் விழலை போலிருக்கு, வேகத்தைக் குறைக்கிறான். இங்கே இறங்கி, எதிர் வண்டி எதையாவது பிடிச்சா எட்டு மணிக்குள்ளே ஆத்துக்குப் போயிடலாம். நான் முதல்ல இறங்கறேன். நீ பின்னாலேயே குதி. திசையை மறந்துடாதே."

"வேண்டாங்க சாமி. கீழே சரளைக்கல்லு" என்றார் வியாபாரி.

"லெவல் கிராஸிங்கிலே தினம் இறங்கறவன் ஓய் நான்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.

சாஸ்திரப்படி அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. முகம் வண்டி போகிற திசையில் இருந்தது. காலும் சரியாகத்தான் தரையில் பட்டது. ஆனால் முழங்கையில் தொங்கின குடையின் வளைந்த பிடி கதவுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மனிதர் கீழே, குடை மேலே, இரண்டுக்கும் நடுவில் அவருடைய கை. அவர் நாலடி ஓடினார், பத்தடி ஓடினார், பிறகு ஓட முடியவில்லை. வண்டி அவரைச் சரளையில் இழுத்துக்கொண்டு போயிற்று. கால்கள் சக்கரத்துப் பக்கம் சாய்ந்தன.

அத்திம்பேரின் முகம் என்னை நிமிர்ந்து பார்த்தது. அக்கா கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த முகம் அல்ல அது. நாமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் படியில் மண்டியிட்டுக் குடைப்பிடியைக் கம்பியிலிருந்து கழற்றப் பார்த்தேன். ஆள் கனம் முழுவதும் அதில் தொங்கியதால் அது அசையவில்லை. வியாபாரி கூஜாவை எறிந்துவிட்டு வந்து, பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அந்தத் தைரியத்தில் நான் இரண்டு கையையும் விட்டுப் பிடியை மேலே தூக்கினேன். அது விடுபட்டது. அத்திம்பேர் சக்கரத்துப் பக்கம் விழாமல் சரிவுப் பக்கம் விழுந்து, கற்றாழைப் புதர்வரை உருண்டு போனார். எந்தப் பக்கம் விழுவார் என்பது என் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை.

பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நூறு கஜம்கூடப் போகாமல் வண்டி முழுசாக நின்றுவிட்டது. கைகாட்டி விழவில்லை. நான் படியில் கால்வைத்து, பழப்பையை எடுத்துக்கொண்டு, கோயில் படியில் இறங்குகிற மாதிரி இறங்கினேன். வண்டி அங்கே கால் மணி நேரம் நின்றது.

பக்கத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த ஒரு குடியானவர் ஓடிவந்தார். அத்திம்பேருக்கு இடது கணுக்கால் கோணிக்கொண்டிருந்தது. தோள்பட்டை இறங்கியிருந்தது. முழங்காலிலிருந்து பாதம்வரை தோல் இல்லை. குடியானவர் தலைத்துண்டை நனைத்துக் காலில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, ஒன்றும் கிண்டல் இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்:

"வண்டிதான் நிக்கப் போவுதே சாமி. தெனம் இங்க நின்னுட்டுத்தான் போவும். எதுக்குக் குதிச்சீங்க?"

அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டியின் கார்டு, ஓர் ஆங்கிலோ இந்தியர், கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். நோட்டுப் புஸ்தகத்தில் பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டார்.

"என்ன வேலை?"

"உபாத்தியாயர்" என்றேன் நான்.

"என்ன சொல்லிக்கொடுக்கிறது?"

நான் அத்திம்பேரைப் பார்த்தேன். அவர் மூடிய கண்ணைத் திறக்காமலே, "தமிழ்" என்றார்.

குடியானவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலுபேர் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். திருச்சிக்கு வண்டி விடியற்காலையில்தான் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அக்காவுக்கு ஒரு தந்தியாவது அடிக்கவேண்டும். அவ்வளவு வலியிலும் வாசகத்தை அத்திம்பேர்தான் சொன்னார். தவிர்க்க முடியாத அலுவல் காரணமாக வையம்பட்டியில் தங்க நேர்ந்தது, காரியத்தை நடத்தவும் என்று அழகான இங்கிலீஷில்.

அந்த நேரத்தில் ஸ்ரீரங்கத்து வீட்டில் நடந்ததை அக்கா பிற்பாடு சொன்னாள். எத்தனையோ தடவை சொன்னாள். ஒரு வார்த்தை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் சரியாக ஆறேகாலுக்கு வந்தார்கள். அத்திம்பேரைக் காணோம். அக்கா, அவசர ஜோலி, வந்துவிடுவார் என்று சமாளித்து, ஜமக்காளத்தில் உட்கார்த்தி, சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்தாள். பெண் வந்து சேவித்துவிட்டு உள்ளே போனாள். பேச்சுக்கு ஆள் இல்லாததால் ரிடையரான கார்டு தாமே பேச ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஜங்ஷன்லே ஒரு கூத்தும்மா. நாங்க ஸ்ரீரங்கம் வண்டியிலே உக்காந்துண்டிருக்கோம். எதிர்லே மதுரை வண்டி கிளம்பியாச்சு. பெரியவர் ஒருத்தர், தலைப்பாகையும் குடையுமா, ஓடி வந்து ஏறறார் பாருங்கோ! கூட ஒரு சின்னப்பையன், கையிலே பழப்பை. அவனைக் காலரைப் பிடிச்சுத் தூக்கி உள்ளே போடறார். பழமெல்லாம் பிளாட்பாரத்திலே. அப்படி என்ன மதுரையிலே கொள்ளை போறது!"

அவருடைய மனைவியும் பிள்ளையும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாளாம். உள்ளே போய் அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். வேறு யாராவதாக இருக்கட்டும் பெருமாளே என்று வேண்டிக்கொண்டாள். குடையும் தலைப்பாகையும் உலகத்தில் எத்தனையோ பேரிடம் இருக்கும். காலரைப் பிடித்துத் தூக்கிப் போட ஒரு மச்சினன் எத்தனை பேருக்கு இருப்பான்?

அந்தச் சமயம் பார்த்துத் தந்திச் சேவகன் வந்தான். தந்தி என்றாலே சாவு என்று நினைக்கிற காலம். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கார்டு கையை நீட்டி வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தமிழில் படித்துச் சொன்னார். 'வையம்பட்டி' என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. முப்பது வருஷம் அந்தத் தண்டவாளங்களிலேயே வாழ்ந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்கும், எந்த வண்டி எங்கே நிற்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காகிதத்தை மடித்தார்.

"அம்மா, உங்க ஆத்துக்காரர் குடை எடுத்துண்டு போற வழக்கம் உண்டோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

மறுநாள் காலை ஜட்கா வண்டியில் அத்திம்பேரைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டியிருந்தார்கள். அக்கா பார்த்தாள். அழவில்லை. "பத்து நிமிஷம் மிச்சம் பிடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள். சொம்பு இரண்டுமுறை கீழே விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

ஒன்பது மணிக்குத் திருவானைக்காவலிலிருந்து கார்டு தனியாக வந்தார். பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வருகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அத்திம்பேர் எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்கோ ஸ்வாமி, இருங்கோ" என்று அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். அத்திம்பேர் முதல்தடவையாக இனர்ஷியாவைக் கலக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

கார்டு சொன்னார்:

"நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். சின்ன ஸ்டேஷன். நான் கொடி ஆட்டியாச்சு. கல்யாணமாகி ஒரு மாசமான பிள்ளை. ஆம்படையாளுக்குத் தண்ணி பிடிக்க இறங்கியிருக்கான். கையிலே கூஜா. ஓடி வந்து கம்பியைப் பிடிச்சான், கை ஈரம், வழுக்கிடுத்து. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பொண்ணு ஜன்னல் வழியா, 'ஏறிட்டாரா, ஏறிட்டாரா'ன்னு என்னைக் கேட்டுண்டே இருந்தா. நான் என்ன சொல்லுவேன்? அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருஷம், கொடி ஆட்டறப்போவெல்லாம் பிளாட்பாரத்தை ரெண்டு தரம் பார்த்துட்டுத்தான் ஆட்டுவேன். அப்பவும் உங்களை மாதிரி மரத்தடியிலே நிக்கறவாளை என்னாலே ஒண்ணும் பண்ண முடியாது."

அத்திம்பேர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. தோள் வலியாகவும் இருக்கலாம்.

"அது இருக்கட்டும். எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கணும்" என்றார் கார்டு.

அத்திம்பேர் முகம் வெளுத்தது. ஏதோ பெரிய கேள்வி வருகிறதென்று அக்கா கதவோரத்துக்கு வந்து நின்றாள்.

"பொண்ணுக்கும் இந்த வழக்கம் உண்டா?"

அக்காதான் பதில் சொன்னாள். "அவள் நின்னுண்டிருக்கிற வண்டியிலே ஏறவே ரெண்டுபேர் கையைப் பிடிக்கணும்."

"அப்போ தை மாசமே வெச்சுக்கலாம்" என்று கார்டு எழுந்தார்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, ஆறு வாரம் அத்திம்பேர் கட்டிலில் கிடந்தார். எங்கள் வேப்பமரத்தடி கோஷ்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தது. விபத்தை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்தார்கள். கோர்ட்டு குமாஸ்தா கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: குற்றம் முழுவதும் குடையினுடையது. குடை இல்லாமல் குதித்திருந்தால் ஒரு கீறல் விழுந்திருக்காது. இதை எல்லோரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டு, மறுநாளிலிருந்து குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். அது ஐப்பசி மாதம். ஸ்ரீரங்கத்தின் அத்தனை மழையையும் தலையில் வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, நகர்கிற வண்டியை நோக்கி அவர்கள் ஓடுவதை நான் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன். வையம்பட்டிக்குப் பிறகு எனக்கு நகர்கிற வண்டியைக் கண்டால் கை வேர்த்துவிடும். கோஷ்டியில் எனக்குக் கோழை என்று பெயர் வந்தது. இடம் நகர்ந்து கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். முன்னாடியே ஏறுகிறவனுக்கு அது தேவையாகவும் இல்லை.

தை மாதக் கல்யாணத்தில் அத்திம்பேர் தடியை ஊன்றிக்கொண்டு சம்பந்தியை வரவேற்றார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் சும்மா இருப்பார்களா? அவர் திரும்பிப்போன முதல் நாள் கரும்பலகையில் ஒரு ரயில்பெட்டியும், அதில் மாட்டிய குடையும், குடையில் தொங்கும் தலைப்பாகையும் வரைந்திருந்தார்களாம். அவர் அதை அழிக்கவில்லை என்று அதே பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் என்னிடம் சொன்னார். சக்கரத்துப் பக்கத்தில் தாமே ஒரு காலை வரைந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் என்று அம்புக்குறி போட்டு எழுதிவிட்டு, மணி அடிக்கும்வரை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். வகுப்பும் சிரிக்கவில்லையாம்.

அடுத்த ஆனி மாதம் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப ஜங்ஷனுக்கு அத்திம்பேர் வந்தார். வண்டி பிளாட்பாரத்துக்கு வருவதற்கு முக்கால் மணி முன்பே என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார். இது மதுரை வண்டிதானா என்று மூன்று போர்ட்டர்களிடமும் ஒரு டிக்கெட் பரிசோதகரிடமும் கேட்டார். என்னைப் பெட்டியில் உட்காரவைத்து, கதவைத் தாமே சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தடியோடு நின்றார்.

புறப்பட இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை, மதுரையில் வெயில் எப்படி, கடிதம் போடு, சித்திரையில் வா எல்லாம் ஐந்து நிமிஷத்தில் பேசித் தீர்ந்துவிட்டன. பாக்கிக் கால் மணியை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவர் எஞ்சின் பக்கம் பார்த்தார். நான் அவருடைய தலைப்பாகையைப் பார்த்தேன். பிறகு அவர் காபி ஸ்டாலுக்குப் போய், இரண்டு டம்ளர் காபியை ஒரு சொட்டும் சிந்தாமல், நொண்டி நொண்டி, என் ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.